மேல்வீட்டு முட்டை பேக்

அந்தக் கண்ணாடித் தட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அது ஒரு பழைய கம்பளிச் சட்டைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நீள்சதுரமான, கனமான தட்டு. மூலைகளில் எத்தனை தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறை. மேடத்தின் சாமான்களை லாட்ஜிலிருந்து என் மாமாவின் மேல்வீட்டுக்கு ஆட்டோவில் கொண்டுவந்த அன்று, அதை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மற்றதெல்லாம் இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, ஒரு சின்ன மின்சார ஓவன். ஓவனை நான் தூக்கிக்கொண்டு படியேறினேன். காஞ்சிபுரத்து வெயிலில் அந்தக் கம்பளிச் சட்டையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மேடத்துக்குச் சொந்த ஊர் குன்னூர். குன்னூர்க்காரர்களிடம் துணி என்றால் கம்பளிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டுச் சேலையின் சரிகையைச் சோதித்துச் சொல்லும் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். மேடம் எங்களுக்கு அதிகாரியாக மாற்றலாகி வந்தவர். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இல்லை. ஒரே மகள் செங்கல்பட்டில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சேலையைக் கொண்டுவந்து கொடுத்தால் இயந்திரத்துக்கு அடியில் ஓரத்தை வைத்து, வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம். அதைச் சொல்வதுதான் கஷ்டம். மகளுக்கு வாங்கிய கல்யாணச் சேலையில் வெள்ளியே இல்லை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? மேடத்துக்கு முன்பு இருந்தவர் சீட்டை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். மேடம் அப்படிச் செய்யமாட்டார். ஆளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "சேலை நல்லாத்தான் இருக்குங்க. தாராளமாக் கட்டிக்கலாம். பேரைத்தான் மாத்திச் சொல்லி வித்திருக்காங்க" என்பார். குரலில் இரக்கமும் இருக்காது, கண்டிப்பும் இருக்காது. அழ வந்தவர்கள் அழாமல் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

வந்த புதிதில் மூன்று வாரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். வீடு பார்க்கச் சொல்லி என்னிடம்தான் கேட்டார். என் அம்மாவின் அண்ணன், நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், கச்சபேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் சொந்த வீட்டில் இருந்தார். கீழே அவருக்குத் தறி, மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் காலி. மாமா சிவதீட்சை வாங்கியவர். அவர் வீட்டில் மட்டுமல்ல, அம்மா அவர் தங்கை என்பதால் எங்கள் வீட்டிலும் முட்டை நுழையாது. எங்கள் ஆட்களில் கறி சாப்பிடாதவர்கள் குறைவு. மாமாவும் இளவயதில் சாப்பிட்டவர்தான். ஆனால் தீட்சைக்குப் பிறகு வீடே மாறிவிட்டது. நான் வாரத்தில் மூன்று நாள் வெளியே முட்டை பிரியாணி சாப்பிடுவேன். அது மாமாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் கேட்கமாட்டார்கள். வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

மேடத்துக்கு இந்தச் சட்டம் தெரியாது. லேபில் வைத்தே என்னிடம் தெளிவாகச் சொன்னார். "நான் எல்லாம் சாப்பிடறவ. கறி வீட்ல செய்யமாட்டேன், அது பரவாயில்லை. ஆனா பொண்ணு வர்ற சனிக்கிழமை முட்டை செய்வேன். அதை மறைக்காம உங்க மாமாகிட்டச் சொல்லிடுங்க. சரின்னா வர்றேன், இல்லைன்னா வேற பார்ப்போம்."

அன்று மாலையே மாமாவிடம் போனேன். அவர் தறியை விட்டு இறங்காமலே கேட்டார்: "எந்த ஊரு? தனியாவா இருக்காங்க? சைவந்தானே?"

"சைவந்தான் மாமா" என்றேன்.

மறுநாள் மேடத்திடம், "சொல்லிட்டேன் மேடம். முட்டைதானே, பரவால்லைன்னு சொல்லிட்டாரு" என்றேன்.

இரண்டு பொய்யும் சொல்ல எனக்கு ஒரு முயற்சியும் தேவைப்படவில்லை. இப்போது யோசித்தால் அதுதான் விநோதமாக இருக்கிறது. யாரையும் ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே எழவில்லை. அவருக்கு வீடு கிடைக்கும், மாமாவுக்கு நல்ல குடித்தனக்காரர் கிடைப்பார், எனக்கு இரண்டு பக்கமும் நல்ல பெயர். நடுவில் இருக்கும் ஒரு முட்டை எங்கே தெரியப்போகிறது?

குடிவந்த அன்று நான் தூக்கிவந்த பெட்டியைப் பார்த்து மாமா, "அது இன்னாடா?" என்றார்.

"ஓவன் மாமா. கேக் செய்யறதுக்கு."

"கேக்குல முட்டை போடுவாங்களே?"

"போடாத கேக்கும் இருக்குது மாமா."

மாமா நியாயமான மனிதர். மேலே இருந்த பிளக்கில் ஓவனைப் போட்டபோது ஃபியூஸ் போய்விட்டது. அவரே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, கனமான ஒயர் இழுத்து, தனியாக ஒரு பெரிய பிளக் போட்டுக் கொடுத்தார். மேடம் மறுநாள் லேபில் என்னிடம், "உங்க மாமா பெரிய மனசுக்காரர். தான் தொடாத முட்டைக்குத் தனி பிளக்கே போட்டுக் கொடுத்திருக்காரே" என்றார். நான் சேலை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பிளக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போன ஒரு சனிக்கிழமை மாலையில்தான் அவர் அதைச் செய்வதை முழுவதும் பார்த்தேன். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் ஒரே அளவில் பொடியாக நறுக்கி வைத்திருந்தார். அரைக்கீரை ஒரு கைப்பிடி. வெண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு, பிறகு ஒவ்வொரு காயாக, கடைசியில் கீரை. அடுப்பைக் குறைத்துவைத்து வெகுநேரம் வதக்கினார். ஆயிற்று என்று நான் நினைத்தபோதெல்லாம் ஆகவில்லை. வாணலியைச் சாய்த்துப் பார்ப்பார். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கினாலும் மறுபடி அடுப்பில் வைப்பார். "காய்ல இருக்கிற தண்ணி இங்கேயே போயிடணும். இல்லைன்னா அப்புறம் உள்ளே போய் விட்டுக்கும்" என்றார். பிறகு எட்டு முட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, பெரிய பாத்திரத்தில் ஊற்றினார். கொஞ்சம் பால், உப்பு, மிளகுத்தூள். நுரை பொங்க அடிக்கவில்லை, மஞ்சளும் வெள்ளையும் கலக்கிற அளவுக்கு மட்டும். கண்ணாடித் தட்டின் உள்ளே வெண்ணெய் தடவி, காயைப் பரப்பி, துருவிய சீஸில் பாதியை அதன்மேல் தூவி, முட்டையை ஊற்றி, மீதி சீஸை மேலே தூவினார்.

உள்ளே வைத்துக் கதவை மூடியதும், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கதவு வழியாகத் தெரியும் சின்ன வெளிச்சத்தில் அவர் முகம் மஞ்சளாக இருந்தது. அப்போதுதான் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா ஒரு தேயிலை எஸ்டேட்டில் மேனேஜர் பங்களாவில் சமையல் வேலை செய்தவர். அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவர். பங்களாவில் விரிசல் விட்ட முட்டை, காயின் ஓரங்கள், காய்ந்துபோன சீஸின் விளிம்பு இவையெல்லாம் அம்மாவுக்கு வரும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓவன் ஏது? அலுமினியச் சட்டியில் ஊற்றி, தட்டால் மூடி, தட்டின் மேல் தணல் அள்ளிப் போடுவாராம். கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. பங்களாவில் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது, அம்மா வைத்த பெயர் முட்டை பேக். "துரை வீட்ல அதுக்குத் தொட்டுக்க என்னென்னமோ வைப்பாங்களாம். எங்களுக்கு அதுவே சோறு" என்றார் மேடம். அதில் பெருமையோ வருத்தமோ ஏறவில்லை. வெள்ளி இத்தனை, செம்பு இத்தனை என்று சொல்கிற அதே குரல்தான்.

அரைமணி நேரத்துக்குப் பிறகு கதவைத் திறந்து, ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பார்த்தார். மேலே சீஸ் பொன்னிறமாகக் கொப்பளித்திருந்தது. வாசனையில் முட்டை தெரியவே இல்லை. வெண்ணெயும் சீஸும் காய்ந்த மணம், நெய் காய்ச்சுகிற வீடு மாதிரி. எனக்கு நிம்மதியாக இருந்தது. சொன்ன பொய்க்கு அந்த வாசனையே துணை வந்துவிட்டது போல. ஆறியபின் கத்தியால் சதுரமாக வெட்டி எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே இட்லியைவிட மிருதுவாக, நடுவில் கேரட்டின் இனிப்பு. மகள் பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டாள். மீதியைத் திங்கட்கிழமை லேபுக்கு எடுத்துவந்து, எனக்கும் எங்களோடு இருந்த டைப்பிஸ்ட் அக்காவுக்கும் சரிசமமாகப் பங்கு வைப்பார்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. இந்த எட்டு மாதத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மேடமும் என் அத்தையும், அதாவது பெரிய மாமாவின் மனைவியும், சிநேகிதிகளாகிவிட்டார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, படியேற முடியாது. மேடம்தான் சாயங்காலம் லேபிலிருந்து வந்ததும் கீழே போய் உட்காருவார். அத்தை ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே பேசுவார், இவர் அறுந்த நூலை எடுத்துக் கொடுப்பார். மாமா கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடிவிட்டு வருகிற வரைக்கும் பேச்சு ஓடும். மாடியில் மேடம் தொட்டிகளில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் வைத்திருந்தார். காலையில் பறித்துக் கிண்ணத்தில் போட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அந்தப் பூதான் மாமாவின் பூஜைக்கு. அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. தங்கை முறை என்று சொல்லிக்கொள்ளவும் கூடப்பிறந்தவர்கள் இல்லை. "மேல்வீட்டம்மா வந்தப்புறந்தான்டா எனக்குப் பேச ஆளு இருக்குது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். நான் என் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் கோயில் திருவிழா சமயம். அத்தை காஞ்சிபுரம் இட்லி செய்திருந்தார். மேடத்தின் மகள் வந்திருக்கிறாள் என்று தெரிந்து, ஆசையாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி மேலே போயிருக்கிறார். அன்று சனிக்கிழமை. சமையல் மேடையில் எட்டு முட்டைகளின் ஓடுகள் கவிழ்ந்து கிடந்தன. மேடம் மறைக்கவில்லை, மறைக்க அவருக்குக் காரணமும் இல்லை. வாங்கக்கா என்று வரவேற்று நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறார். அத்தை ஓடுகளைப் பார்த்து, "இன்னாம்மா இது?" என்று கேட்டதற்கு, "முட்டை பேக் அக்கா. பொண்ணுக்கு. ஓட்டைப் பொடிச்சுச் செடிக்குப் போட்டுடுவேன், நல்ல உரம்" என்று சொல்லியிருக்கிறார். அத்தைக்கு அந்த இரண்டாவது வாக்கியம்தான் தாங்கவில்லை. அந்தச் செடியின் பூவைத்தானே எட்டு மாதமாகச் சாமிக்குப் போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா என்னைப் போனில் கூப்பிட்டார். போனபோது அவர் தறியில் இல்லை, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடம் மாடிப்படியின் கீழே நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை என்பது பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாலே தெரிந்தது. மகள் அவருக்குப் பின்னால் இரண்டு படி மேலே நின்றாள். அத்தை சுவரோரமாகத் தரையில்.

மாமா கத்துகிற ஆள் இல்லை. "வாடா. ஒரே ஒரு விஷயந்தான். இந்தம்மா முட்டை சாப்பிடறவங்கன்னு உனக்குத் தெரியுமா? எங்கிட்ட சொல்லச் சொல்லி உங்கிட்ட சொன்னதா சொல்றாங்க."

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கவலை இல்லை. நான் வந்துவிட்டேன், இனி எல்லாம் தெளிவாகிவிடும் என்ற நிம்மதிதான் இருந்தது. "சொல்லுங்க. லேப்ல வெச்சு உங்ககிட்டச் சொன்னேனில்ல?" என்றார்.

ஒரு கணத்தில் என் மனதில் ஓடியதை இன்றைக்கும் வரிசையாகச் சொல்ல முடியும். மாமா இனி முகம் கொடுத்துப் பேசமாட்டார். அம்மா அழுவார். இவர் இன்னும் இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். மூன்றாவது நினைப்புதான் முடிவு செய்தது.

"இல்ல மாமா. மேடம் எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல" என்றேன்.

"அம்மா!" என்றாள் மகள். மேடம் கையைப் பின்னால் நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்னிடமிருந்து பார்வையை எடுத்து மாமாவைப் பார்த்தார்.

"சரிங்க. பத்து நாள் டைம் கொடுங்க. வேற வீடு பார்த்துக்கறேன்."

மாமா தலையை ஆட்டினார். அத்தைதான் தலை நிமிராமல் பேசினார். "தெனமும் வந்து எங்கூட உக்காந்துக்கினு இருந்தியேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அந்தப் பூவைக் கொண்டாந்து என் கையில குடுத்தியே."

அதுவரை அசையாமல் இருந்த மேடத்தின் முகம் அப்போதுதான் கலங்கியது. மகளைத் தள்ளிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

மறுநாள் லேபுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. போனேன். "அந்த ரெண்டாவது சேலையை எடுத்துட்டு வாங்க, அதை முதல்ல பார்த்துடலாம்" என்றார் மேடம். அவ்வளவுதான். மதியம் டப்பாவைத் திறந்து, வழக்கம் போல மூன்று பங்கு வைத்தார். என் துண்டு மற்ற இரண்டையும்விடச் சின்னதாகவும் இல்லை, பெரிதாகவும் இல்லை. நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் டைப்பிஸ்ட் அக்கா காரணம் கேட்பாரே என்ற பயத்தில்தான் சாப்பிட்டேன். ருசி மாறாமல் அப்படியே இருந்தது.

அந்தப் பத்து நாளும் வேலை முடிந்ததும் அவர் வீடு தேடிப் போனார். நானும் கூடவே போனேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சன்னிதித் தெரு, மாட வீதி, பிள்ளையார்பாளையம் என்று ஒவ்வொரு வாசலிலும் தானே முந்திக்கொண்டு, "நான் முட்டை சாப்பிடுவேங்க" என்று முதல் வாக்கியமாகச் சொன்னார். வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்பதற்கு முன்பு. ஒரு வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில், "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, நாங்களே சாப்பிடறவங்கதான். பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரி" என்றார்கள். ஒரு வீட்டில் முட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், உங்களவங்க யாரு, எந்தப் பக்கம் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வி முடிவதற்குள் வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மாமா கேட்டதும் அந்தக் கேள்விதான் என்பது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது. சைவந்தானே என்று கேட்டால் ஒரே கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும். கடைசியில் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு உருது பேசுகிற குடும்பத்தின் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை கிடைத்தது. லேபிலிருந்து நல்ல தூரம். அந்த வீட்டுக்காரர், "முட்டைதானேம்மா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

ஓவனை நான்தான் மறுபடி தூக்கி ஆட்டோவில் வைத்தேன். அத்தை வெளியே வரவில்லை, உள்கதவு சாத்தியிருந்தது. மேடம் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்து ஏறினார். வழியில், ரயில் போவதற்காக கேட் மூடியிருந்தபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னார். "ரெண்டு பேருக்கும் நல்லவராயிருக்கணும்னு பார்த்தீங்க. அதான் உங்க தப்பு. முட்டை இல்லை." ரயில் போய் கேட் திறந்தது.

அதன்பிறகு இரண்டு வருடம் அவரிடமே வேலை செய்தேன். இந்தப் பேச்சு ஒருமுறைகூட மறுபடி வரவில்லை. என் பணிப் பதிவேட்டில் நல்லபடியாகவே எழுதினார். மாற்றலாகிச் சேலம் போனார், அங்கேயே ஓய்வு பெற்று குன்னூருக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் தனிக்குடித்தனம் வந்த பிறகு ஒரு ஓவன் வாங்கி, என் மகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டை பேக் செய்யத் தொடங்கினேன். அம்மா வந்திருக்கிற நாளில் மட்டும், "மாமா காதுக்குப் போவ வேணாம்" என்பார். போகவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதையெல்லாம் கிளறியது என் மகள். போன வருடம் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வீடு பார்க்கக் கூடப் போயிருந்தேன். சுத்தமான தெரு, ஆபீசுக்கு நடந்தே போகலாம். வீட்டுக்கார அம்மாள் உள்ளே போய்ச் சாவி எடுக்கும் நேரத்தில் மகள் என் காதில், "அப்பா, கேட்டாங்கன்னா வெஜ்ஜுன்னு சொல்லிடுங்க. எல்லாரும் அதான் சொல்றாங்க" என்றாள். அந்த அம்மாள் வந்து, அதையேதான் கேட்டார். "பொண்ணு முட்டை சாப்பிடுவா. ஞாயித்துக்கிழமை வீட்லயும் செய்வா" என்றேன். சாவி மறுபடி உள்ளே போனது. மகள் ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை. ஒரு வாரத்தில் வேறு வீடு கிடைத்தது, ஆனால் இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இதில் என்ன பெரிய நேர்மை, யாருக்காக என்று கேட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் பெரிய மாமாவைப் பார்க்கப் போனேன். அத்தை பின்கட்டில் இருந்தார். மாமா தறியில் உட்கார்ந்து பாவு நூலைச் சரிசெய்துகொண்டிருந்தார். எண்பதை நெருங்கியும் கை நிற்கவில்லை. அவரிடம் சொன்னேன். மேடம் அன்றைக்குச் சொன்னது உண்மை, நான்தான் இரண்டு பேரிடமும் பொய் சொன்னேன் என்று.

மாமா தலை நிமிரவில்லை. "தெரியும்டா" என்றார்.

"எப்போலேர்ந்து மாமா?"

"அன்னிக்கே தெரியும். அந்தம்மா பொய் சொல்ற ஆளா? உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுதே."

"அப்புறம் ஏன் மாமா..."

"தங்கச்சி புள்ளைய நாலு பேர் எதிர்ல பொய்யன்னு சொல்லச் சொல்றியா? அவங்க எப்படியும் போறவங்கதானேடா."

நான் அன்று நினைத்த அதே வாக்கியம். என்னிடமிருந்து அவருக்குப் போனதா, அவரிடமிருந்து எனக்கு வந்ததா, தெரியவில்லை. காபி வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பழைய டைரியிலிருந்து மேடத்தின் எண்ணைத் தேடி எடுத்துப் பேசினேன். குரலில் வயது ஏறியிருந்தது. மற்றபடி அதே குரல். நான் மன்னிப்பு கேட்பதற்காக மனதில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களை முழுவதும் கேட்டார். மாமாவுக்கு அன்றே தெரியும் என்பதையும் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. "இப்பவும் செய்யறீங்களா?" என்றார்.

"செய்யறேன் மேடம். அடியில தண்ணி விட்டுக்குது."

"காய் வதங்கலை. அவசரப்படறீங்க."

பிறகு கேட்டார். "உங்க அத்தைக்கு?"

"என்ன மேடம்?"

"உங்க மாமாவுக்குத் தெரியும்னு சொன்னீங்க. அக்காவுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். மாமா சொல்லியிருக்கமாட்டார். நானும் அன்று பின்கட்டுக்குப் போகாமலே கிளம்பிவந்திருந்தேன்.

"மத்தவங்க என்ன நினைச்சாலும் எனக்குப் பெரிசா இல்லை. அந்தப் பூவை நான் வேணும்னே மறைச்சுக் கொண்டுவந்து கொடுத்தேன்னு அக்கா நினைச்சுட்டிருப்பாங்களே. அதுதான்..." என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்கு எதிரே ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அப்போதுதான்.

மறுநாள் மாமா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துப் போனேன். அத்தை ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். லேபில் மேடம் சொன்னது, மாமாவிடம் நான் சொன்னது, பிளக், கேக், எல்லாம். பாதியிலேயே ராட்டை நின்றுவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை.

"அவ போறப்போ நான் கதவைச் சாத்திக்கினு உள்ள இருந்தேன்டா" என்றார். "வெளிய நின்னுக்கினு இருந்தான்னு எனக்குத் தெரியும். செருப்புச் சத்தம் கேட்டுது. நான் தொறக்கல."

"தப்பு என்மேல அத்தை."

"உன்மேலதான். வேற யார்மேல?" என்றார் அமைதியாக. பிறகு, "உன் மாமனுக்குத் தெரியுமா இது?"

"தெரியும் அத்தை. அன்னிக்கே தெரியுமாம்" என்றேன்.

அத்தை ராட்டையைத் தள்ளிவைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "அவ நம்பர் வெச்சிருக்கியா? போனைப் போடு."

"மாமா வர்ற நேரம் அத்தை."

"வரட்டும்."

போட்டுக் கொடுத்தேன். மணி அடிப்பது எனக்கும் கேட்டது. எடுத்ததும் அத்தை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக, "ஏம்மா, நான்தான். கீழ்வீட்டு அக்கா" என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

கால்மணி நேரம் கழித்து மாமா தெருமுனையில் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பிரசாதப் பொட்டலம். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டு நின்றார்.

"யார்கிட்டடா பேசிக்கினு இருக்கா?"

"மேல்வீட்டம்மாகிட்ட மாமா."

மாமா செருப்பைக் கழற்றினார். ஒரு காலை உள்ளே வைக்கப்போனவர் வைக்கவில்லை. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் படியில் மெதுவாக உட்கார்ந்தார். உள்ளே பேச்சு முடிகிற வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.